வியர்க்காத விளக்கு

நாரினில் பிப்ரவரி. மூச்சு மீசையாய் உறையும் காலை.
ஹோண்டாவின் முன்மூடியைத் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தேன்.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டி.
ஸ்டியரிங் வலப்பக்கம், எங்கள் போக்குவரத்தும் வலப்பக்கம்.
முந்த வேண்டுமென்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவர்
எட்டிப் பார்த்து "போ, பெர்மெத்" என்று சொல்ல வேண்டும்.
என் பக்கத்தில் எப்போதும் பால்கேன்தான்.

"உன் வண்டிக்குக் கண்புரை, அக்கா" என்று போனில் சிரித்துவிட்டு
பிஷ்கெக் சந்தையில் எல்இடி பல்புகள் வாங்கிப்
பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பியிருந்தான் சுயுன்.
அட்டைப்பெட்டியில் ஒரு சிங்கம். கீழே, ஆறாயிரம் கெல்வின்.
கெல்வின் யாரென்று எனக்குத் தெரியாது.

பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடம்.
கையுறையோடு நுழையாது;
கழற்றினாலோ இரும்பு தோலைக் கவ்வும்.
ரப்பர் தொப்பியை உரித்தேன். கம்பிக் கொண்டியை நெம்பினேன்.
துள்ளிப் பனிக்குள் விழுந்தது.
குளிர்பெட்டிக் கதவில் மகள் ஒட்டிவைத்த
தர்பூசணித் துண்டுக் காந்தத்தை நூலில் கட்டித் துழாவினேன்.
முதலில் ஓர் ஆணி.
பிறகு போன வருடம் தொலைத்த சாவி.
பிறகுதான் அது.

பழைய பல்புகளைக் கண்ணாடியில் விரல் படாமல் எடுத்து
ஒற்றைக் காலுறைக்குள் வைத்தேன்.
இன்னும் எரிகிற பொருளை எறிய எனக்கு வராது.

புதியதற்கு வால் பெரிது, வால் நுனியில் விசிறி.
ரப்பர் தொப்பி மூடவில்லை.
சமையல் கத்தரிக்கோலால் அதை வெட்டினேன்.

சாவியைத் திருப்பியதும்
எதிர்வீட்டுக் கொடியில் விறைத்துத் தொங்கிய கம்பளிக் காற்சட்டை
தன் நிழலோடு சேர்ந்து இரண்டு ஆளாய் நின்றது.
சுவரின் ஒவ்வொரு கீறலுக்கும் ஓரம் தெரிந்தது.
நான் கைதட்டினேன். நாய் குரைத்தது.

மறுநாள் விடியுமுன் தோலோன் கணவாய்.
எதிரே வந்த லாரிகள் கண்ணடித்தன.
ஒருவன் ஹாரனை அழுத்தியபடியே கடந்தான்,
இன்னொருவன் தன் வெளிச்சம் முழுவதையும் என்மேல் கொட்டிவிட்டுப் போனான்.
நான் தாழ்த்தித்தான் வைத்திருந்தேன். சத்தியமாக.
ஜப்பான் விளக்கு இடப்பக்கம் ஒளியைத் தூக்கும்.
அங்கே இடப்பக்கம் சாலையோரம்.
இங்கே இடப்பக்கம் மனிதர்கள்.
மங்கலாய் இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வளைவில் குதிரைகள், முப்பதோ நாற்பதோ.
முன்னால் நரித்தோல் தொப்பியோடு ஒருவர்
முழங்கையை மடித்து முகத்தை மறைத்தார்,
அடி விழப்போகிறது என்பதுபோல.
அவர் குதிரை பின்கால் வைத்துப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது.

அணைத்தேன். முழுவதும்.

இருட்டில் குளம்புகள் போய்க்கொண்டே இருந்தன.
ஒரு மூச்சு ஜன்னலை ஈரமாக்கியது.
ஏதோ ஒரு வயிறு பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு நகர்ந்தது.
அவர் என்ன திட்டினார் என்பதை எழுதமாட்டேன்.

உச்சியில் பனி கொட்டியது. சாலை சுருங்கிக்கொண்டே வந்து
வண்டியின் மூக்கோடு நின்றுவிட்டது.
இறங்கினேன். விளக்கின்மேல் இரண்டு விரல் கனம் பனி,
உள்ளே எரிகிறது,
பால்கேனுக்குள் டார்ச் அடித்ததுபோல.

பழைய பல்பில் முக்கால்வாசி சூடாய் வீணாகிறது என்றான் சுயுன்.
அந்த வீண்தான் இத்தனை குளிர்காலமும்
சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன்.
என்னிடம் இருந்த வீண் அதுதான்.

கொச்கோர் போய்ச் சேர்வதற்குள் பதினோரு முறை இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலுறையை அவிழ்த்தேன்.
வெட்டிய தொப்பிக்கு டேப் சுற்றினேன்.
சிங்கத்தின் பல்பு இப்போது பழைய பேட்டரியோடு கன்றுக் கொட்டகையில்;
கன்றுக்கு அது பிடிக்கவில்லை, மாட்டுக்குக் கவலையில்லை.
சுயுன் இரண்டு நாள் பேசவில்லை.

வியாழன், அதே வளைவு, அதே தொப்பி.
என் மஞ்சள் வெளிச்சம் குதிரைகளின் முழங்கால்வரை எட்டி நின்றது.
அவர் சாட்டையை உயர்த்தி வணக்கம் சொன்னார்.
நானும் கையைத் தூக்கினேன்,
கொஞ்சம் தாமதமாக.